உளவியல் படிக்கும் முன்: தருமபுரி மாணவர்களுக்கு

சமீபகாலம் வரை தருமபுரி மாவட்டத்தில் உளவியல் படிக்க ஆசைப்பட்டவர்களுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. உள்ளூரில் கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் சைக்காலஜி பட்டம் வாங்கிவிடலாம். 2025-இல் அந்த வழி அடைபட்டது. துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. அதன் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு முடிவெடுத்து, 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்தப் படிப்புகளில் உளவியலும் ஒன்று. எனவே, “இந்த வருஷம் மட்டும் அட்மிஷன் இருக்கு, பரீட்சை மட்டும் வந்து எழுதினா போதும்” என்று யாராவது வீடு தேடி வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பென்னாகரம், ஏரியூர், சித்தேரி மலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதனால் சிரமம் கூடியிருக்கிறது. ஆனாலும் இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆய்வகத்தில் உட்காராமல், எதிரே ஒரு மனிதரை வைத்துக் கேள்வி கேட்டுப் பழகாமல், செய்த தவறைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் கற்கக்கூடிய படிப்பு அல்ல இது. ஊரைவிட்டு வெளியே போய்ப் படிக்க வேண்டுமென்றால் செலவும் காலமும் கூடும். அதனால் சேர்வதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றும் இரண்டும் இரண்டும்

மூன்றாண்டு பி.எஸ்சி. உங்களை ஆலோசகராக ஆக்காது. இதைக் கல்லூரிச் சேர்க்கை மேசையில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வீட்டில் அம்மா அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். “என் பொண்ணு மனசு டாக்டருக்குப் படிக்குது” என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, நான்காம் ஆண்டில் வேலை தேடி அலையும் குடும்பங்களின் ஏமாற்றம் இந்த ஒரு விஷயம் புரியாததால் வருவது.

சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதித் தருவது அவருடைய வேலை. அந்த இடத்துக்குப் போக ஆசையிருந்தால் வழி நீட் தேர்வுதான், பி.எஸ்சி. சைக்காலஜி அல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் வேறு. சோதனைகள் மூலம் நோயின் தன்மையை மதிப்பிடுவார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள யாருக்குத் தகுதி உண்டு என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. பி.எஸ்சி. மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, அதன்பின் மேற்பார்வையோடு மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய எம்.ஃபில். இரண்டு ஆண்டு, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு என்பதே இதுவரை இருந்த பாதை.

அந்த எம்.ஃபில். இப்போது மாறுகிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில்.லை நீக்கியது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் மானியக் குழு 2025–26 வரை விலக்கு கொடுத்தது. அதற்கு மாற்றாக நான்காண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ், இரண்டாண்டு எம்.ஏ., முனைவர் நிலையில் சை.டி. என்று மறுவாழ்வு கவுன்சில் புதிய படிப்புகளை வகுத்திருக்கிறது. இன்று பிளஸ் டூ முடிப்பவர் அந்தப் படியை எட்டும்போது படிப்பின் பெயரே வேறாக இருக்கும். கல்லூரி விளம்பரத்தை நம்பாமல், சேரும் ஆண்டில் கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஏழு ஆண்டு என்றதும் பயந்துவிட வேண்டாம். எல்லோரும் கடைசிப் படிவரை ஏற வேண்டியதில்லை. ஐந்தாம் ஆண்டில் இறங்கினாலும் கௌரவமான வேலைகள் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன். எந்தப் படியில் இறங்கப் போகிறோம் என்பதை இரண்டாம் ஆண்டுக்குள்ளாவது முடிவு செய்துவிட வேண்டும்.

வகுப்பில் என்ன நடக்கும்?

பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். நுழைவுத் தேர்வு பெரும்பாலும் இல்லை. இதை நம்பி, கணக்குக்கும் அறிவியலுக்கும் பயந்து கலைப்பிரிவு எடுத்தவர்கள் இங்கே வருகிறார்கள். முதல் வருடத்திலேயே மூளை, நரம்பு மண்டலம், நாளமில்லாச் சுரப்பிகள் என்று உயிரியல் வந்து நிற்கும். அடுத்து புள்ளியியல். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, டி-சோதனை, கை-வர்க்கச் சோதனை என்று ஒரு முழுத் தாள். பாதி வகுப்பு தடுமாறுவது இங்கேதான். கணக்கில் மேதையாக இருக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கைப் பயமில்லாமல் போட முடிந்தால் போதும். ஆனால் ஒரு மருந்தோ சிகிச்சையோ உண்மையிலேயே வேலை செய்ததா, அல்லது தற்செயலாக நடந்ததா என்று பிரித்துச் சொல்ல இந்தப் புள்ளியியலை விட்டால் நம்மிடம் வேறு கருவி இல்லை. அதனால் இதை ஒதுக்கிவிட்டுத் தேர்வை மட்டும் கடப்பவர்கள் எம்.எஸ்சி. ஆய்வுக் கட்டுரையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வகம் அமைத்ததிலிருந்து இந்தத் துறை சோதனையின் மேல் நிற்கிறது. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்யப்போகும் பயிற்சிகளில் ஒன்று கண்ணாடி வழி வரைதல். மேசையில் ஒரு நட்சத்திரப் படம். அது நேராகத் தெரியாதபடி ஒரு மறைப்பு. எதிரே கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்தபடியே நட்சத்திரத்தின் கோடுகளுக்குள் பென்சிலை ஓட்ட வேண்டும். கை எதிர்த் திசையில் இழுக்கும், கோடு வெளியே போகும். மறுபடி மறுபடி செய்யும்போது தவறு குறையும், நேரம் குறையும். வலக்கையால் பழகியபின் இடக்கையால் செய்து பார்த்தால், பழகாத அந்தக் கையும் ஓரளவு தேறியிருப்பது தெரியும். ஒரு மாணவர் சோதனை செய்பவர், இன்னொருவர் சோதனைக்கு உட்படுபவர். நொடிகளையும் தவறுகளையும் எண்ணி, அட்டவணை போட்டு, அதிலிருந்து என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ரெக்கார்டில் எழுத வேண்டும்.

விளையாட்டுப் போலத் தெரியும் இந்தப் பயிற்சிதான் பிற்காலத்தில் கைகொடுக்கும். எதிரே இருப்பவர் என்ன செய்கிறாரோ அதை எழுதுவதற்கும், நாம் என்ன நினைக்கிறோமோ அதை எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே கையில் படிகிறது. பாட்டியா நுண்ணறிவுச் சோதனை, பினே–காமத் சோதனை போன்று இந்தியப் பிள்ளைகளுக்கென்று வடிவமைத்த சோதனைகளை வருங்காலத்தில் ஒரு குழந்தைக்குக் கொடுக்கும்போது, ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால் அந்தக் குழந்தையின் பள்ளி வாழ்க்கையே திசைமாறிப் போகலாம். அதனால் ஆய்வக வகுப்பை ‘ரெக்கார்டு காப்பி அடிக்கும் வகுப்பு’ ஆக்கிவிடாதீர்கள்.

அடுத்த தடை ஆங்கிலம். பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து வந்தவருக்கு முதல் பருவம் திணறலாகத்தான் இருக்கும். தேர்வு முடிந்த கோடை விடுமுறையிலேயே என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உளவியல் பாடநூல்களைப் படியுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆங்கிலமும் எளிமை. அந்தப் புத்தகங்களில் நாளுக்குப் பத்துப் பக்கம் அகராதியோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள். தொடர்ந்து படிக்க ஆசை வந்தால் இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும். சலிப்புத் தட்டினால் அதையும் மறைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு வீணாகாமல் தப்பித்தீர்கள்.

எங்கே, எவ்வளவு?

அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் ஒரே இணையதளம் வழியாக நடக்கிறது. பிளஸ் டூ முடிவு வரும் நாட்களில் அதைத் திறந்து, உளவியல் எந்தெந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியிலும் கோவை அரசு கலைக் கல்லூரியிலும் உளவியல் துறைகள் உண்டு. கட்டணம் குறைவு, போட்டி அதிகம். தனியார் பக்கம் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரிக்கு இந்தத் துறையில் நல்ல பெயர். பெங்களூரு கிறிஸ்ட் பல்கலைக்கழகத்தையும் பலர் நினைக்கிறார்கள். தரம் உண்டு; ஆனால் கட்டணத்தோடு பெங்களூரு விடுதிச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பி.எஸ்சி.யிலேயே கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு, எம்.எஸ்சி.க்குக் கையில் காசில்லாமல் நிற்பதைவிட, பி.எஸ்சி.யைச் சிக்கனமாக முடித்து மேற்படிப்புக்குச் சேமிப்பதே புத்திசாலித்தனம். எம்.எஸ்சி. உளவியலுக்கு நம்மிடமிருந்து ஒரு மணி நேரச் சொச்சப் பேருந்துப் பயணத்தில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத் துறை இருக்கிறது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. ‘சமூகநீதி விடுதி’ என்று இப்போது பெயர் மாறியிருக்கும் அரசு விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் மே மாதத்துக்குள் இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். ஜூனில் கூட்டம் நெரிக்கும்.

வெளியூர் அனுப்ப வீட்டில் சம்மதிக்கவே மாட்டார்கள் என்றால் சோர்ந்து போகாதீர்கள். பக்கத்து அரசுக் கல்லூரியில் கிடைக்கும் பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் முதுகலைச் சமூகப் பணிக்குப் போகலாம். எந்தப் பட்டம் படித்தவரையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். மருத்துவ, மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் மனநலத் துறைக்குள் நுழைய அது நேர்வழி. மாவட்ட அளவிலான அரசுத் திட்டங்களில் உளவியல் படித்தவரையும் சமூகப் பணி படித்தவரையும் ஒரே பணியிடத்துக்கு அழைப்பது வழக்கம். மாணவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நம் மாவட்டத்துக்கு ஏன் வேண்டும்?

2015–16-இல் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் சுமார் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்ததாகச் சொன்னது. சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, நோய்க்கு நோய் மாறுபட்டு, 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. நாட்டின் கணக்கே இப்படி என்றால், 2011 மக்கள்தொகைக் கணக்கில் 68.54 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே கடைசியாக நின்ற நம் மாவட்டத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போக, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பதினெட்டு நிறைவதற்குள் கல்யாணம் பேசப்படும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். குடியால் சிதைந்த வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. தொட்டிலை அரசு வைத்தது. பெற்ற குழந்தையை அதில் விட்டுப் போகும் நிலைக்குத் தள்ளப்பட்ட தாயோடு, அவளை அங்கே தள்ளிய குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிற வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் வெளியூர்க்காரர்களிடம் இல்லாத ஒரு முதல் இருக்கிறது. ஊர்ப் பெயர்கள் ‘அள்ளி’ என்று முடிகிற இந்தச் சீமையில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் ஏராளம். மனம் உடைந்தவர் தன் வீட்டு மொழியில்தான் பேசுவார். “நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை கால் எரியுது, ராத்திரி தூக்கமே இல்ல” என்று உடம்பைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். அதற்கு முன் கோயிலுக்கும் மந்திரிக்கிறவரிடமும் போய்விட்டு வந்திருப்பார். அவரைக் கேலி செய்யாமல், அவசரப்படுத்தாமல் கேட்கும் பக்குவம் நம் ஊரில் வளர்ந்தவருக்கு எளிதில் வரும். வீட்டு மொழியை மறைத்துக்கொள்ளாமல், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிகளில் ஒன்றாக எழுதுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு நம் பக்கத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் குடும்பங்கள் பேருந்து ஏறிப் போகின்றன. அங்கேயும் மூன்று மொழி தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

வேலை

பி.எஸ்சி.யோடு நின்றால் கிடைப்பவை: தொண்டு நிறுவனக் களப்பணி, சிறப்புப் பள்ளிகளில் உதவியாளர், ஓசூர், பெங்களூரு, திருப்பூர் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் ஆரம்ப நிலை வேலை. கிருஷ்ணகிரி–ஓசூர் பக்கம் ஆயிரக்கணக்கான பெண்கள் விடுதியில் தங்கி ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கும் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. இந்தப் பெண்களில் பலர் நம் ஊர்க்காரர்கள். தூக்கம், தனிமை, குடும்ப நெருக்கடி தெரிந்த மனிதவள ஊழியர் அங்கே தேவை. இதை இலக்காக வைப்பவர் பி.எஸ்சி.க்குப் பின் மனிதவள மேலாண்மை படிக்கலாம். அரசுப் போட்டித் தேர்வுகளுக்கும் இந்தப் பட்டம் போதும். குடிமைப் பணித் தேர்வில் உளவியல் விருப்பப் பாடமாகவும் இருக்கிறது. ஆசிரியராக வேண்டும் என்பவர்கள் மட்டும் பி.எட். விதிமுறையை முதலில் படித்துவிட்டுச் சேருங்கள்.

எம்.எஸ்சி. அல்லது எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவருக்கு மாவட்டத்துக்குள்ளேயே கதவுகள் உண்டு. மாவட்ட மனநலத் திட்டம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையம், போதை மீட்பு மையங்கள் எல்லாவற்றிலும் ஆலோசகர் பணியிடங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். சம்பளம் குறைவு, வேலை கனமானது. இந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்காமல் மனநலத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் கருத்து. ஆனாலும் இரண்டு மூன்று ஆண்டு இங்கே உழைத்தவரின் அனுபவம் எந்த நேர்முகத் தேர்விலும் பேசும். அறிவிப்புகள் மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கக் கொடுக்கும் அவகாசம் குறைவு. வாரம் ஒரு முறை பாருங்கள்.

புதிதாக ஒரு வாசலும் திறந்திருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலை தொடர்பான வழக்கில் நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நாமக்கல், சேலம், தருமபுரி என்று விடுதியோடு பள்ளிகளும் நீட் பயிற்சி மையங்களும் நிறைந்த நம் வட்டாரத்தில் இதன் பொருள் பெரிது. எந்தப் பள்ளியும் தானாகத் தேடி வராது. அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு, தகுதிச் சான்றோடு நீங்களே போய்க் கேளுங்கள்.

மூன்று மாத ‘கவுன்சிலிங் டிப்ளமா’, வார இறுதி ‘ஹிப்னோதெரபி’ சான்றிதழ் போன்றவற்றை நம்பி போர்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். தற்கொலை எண்ணத்தோடு வருபவர் முன்னால் அந்தச் சான்றிதழ் உதவாது.

அதே காரணத்தால், பி.எஸ்சி. படிக்கும்போது தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கவும் கிளம்பாதீர்கள். அசாதாரண உளவியல் தாளைப் படிக்கும் பருவத்தில் ஒவ்வொரு நோயும் நமக்கே இருப்பதுபோலத் தோன்றும், தம்பிக்கும் சித்திக்கும் பெயர் வைக்கச் சொல்லும். அது எல்லா மாணவருக்கும் வந்துபோவது. உங்களுக்கே உள்ள ஆறாத துயரம் ஒன்றுக்கு விடை தேடி இந்தப் படிப்புக்கு வருகிறீர்கள் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாடப்புத்தகம் சிகிச்சை ஆகாது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ரகசியம் காப்பதைச் சட்டமும் சொல்கிறது, பாடமும் சொல்கிறது. பாலக்கோட்டிலோ அரூரிலோ அது இன்னும் கடினம். உங்களிடம் பேசியவரின் மாமியார் அடுத்த தெருவில் இருப்பார், சந்தையில் உங்கள் அம்மாவைப் பார்த்து “எங்க மருமக உங்க பொண்ணுகிட்ட என்ன சொல்லிச்சு?” என்று கேட்பார். “வேலை விஷயத்தை வீட்டில் பேசுவதில்லை” என்று உங்கள் அம்மா சொல்லும்படி முதல் நாளிலேயே வீட்டைப் பழக்க வேண்டும். ஊரில் ஒரு முறை பேச்சு வெளியே போய்விட்டால், அடுத்து யாரும் வாசல்படி ஏற மாட்டார்கள்.

சேர்வதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போய்ப் பாருங்கள். உளவியலுக்குத் தனி ஆய்வகம் இருக்கிறதா, கருவிகள் பூட்டிக் கிடக்கின்றனவா, பயன்பாட்டில் இருக்கின்றனவா? துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் உளவியலிலேயே பட்டம் பெற்றவர்களா? மருத்துவமனையிலோ சிறப்புப் பள்ளியிலோ களப்பயிற்சிக்கு அனுப்புகிறார்களா? கடந்த ஆண்டு முடித்த மாணவர்களோடு பேச வேண்டும் என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். தயங்காமல் ஏற்பாடு செய்து தருகிற துறையில் சேருங்கள்.